பகல் பன்னிரண்டுக்கு முன் போங்கள்

மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் புதிதாகச் சேர்ந்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். மேசை மேல் ஒரு கோப்பு. குழந்தைக்கு ஒன்றரை வயது. தாய்க்கு 20, தகப்பனுக்கு 23. அக்கம்பக்கத்தில் யாரோ 1098-க்கு அழைத்து, ராத்திரியெல்லாம் குழந்தை அழுகிறது, கேட்க நாதி இல்லை என்று சொல்லியிருக்கிறார்கள். கோப்பைப் புரட்டும்போது கண் தானாக ஒரு வரியைத் தேடும்: அவன் குடிக்கிறவனா?

அதைவிடப் பயனுள்ள கேள்வி ஒன்று இருக்கிறது. இப்போது வாரத்துக்கு ஒருநாள் குடிக்கும் இந்தப் பையன், எது நடந்தால் தினமும் குடிக்க ஆரம்பிப்பான்? அடிமையான பிறகு அது மருத்துவர் பார்க்க வேண்டிய காரியம். அதற்கு முந்தைய காலம்தான் நம்முடையது. அந்தக் காலத்தில் குடியைப் பற்றிக் கேட்க அந்த வீட்டுப் படியேறும் ஒரே அரசுப் பணியாளர் பெரும்பாலும் நீங்களாகத்தான் இருப்பீர்கள்.

மருத்துவரிடம் பிறகு அனுப்பிக்கொள்ளலாம் என்று இருந்துவிடவும் முடியாது. மத்திய சமூக நீதி அமைச்சகத்துக்காக டெல்லி எய்ம்ஸ் நடத்தி 2019-இல் வெளியான தேசிய ஆய்வின்படி, 10 முதல் 75 வயது வரை உள்ளவர்களில் 14.6 விழுக்காட்டினர் மது அருந்துகிறார்கள். மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவர்தான் ஏதாவது ஒரு சிகிச்சையை எட்டிப் பார்த்திருக்கிறார். மீதி 37 பேரும் நம் கோப்புகளில் இருக்கிறார்கள்.

வழுக்கும் நேரங்கள்

இளம் பெற்றோர் போதையில் விழும் நேரங்கள் ஓரளவுக்கு முன்கூட்டியே தெரிந்தவைதான். முதலாவது, பிரசவத்துக்குப் பிந்தைய ஆறு மாதம். தூக்கம் கெட்டுப்போகும். அறுவைசிகிச்சை ஆகியிருந்தால் வலி இருக்கும். காதல் திருமணம் என்றால் இரு வீட்டாரும் எட்டிப் பார்க்க மாட்டார்கள். தாய்க்கு வரும் மனச்சோர்வை 'பச்சை உடம்புக்காரி, அப்படித்தான் இருக்கும்' என்று தள்ளிவிடுவார்கள். வலிக்கு வாங்கிய மாத்திரை தூக்கத்துக்கும் உதவுகிறது என்று அவள் கண்டுபிடிப்பது இந்த நாட்களில்தான்.

இரண்டாவது, வேலை போகும்போது. இதை நீட்டிச் சொல்லத் தேவையில்லை. கையில் காசில்லாத வாரத்தைவிட, நீண்ட இடைவெளிக்குப் பிறகு மொத்தமாகக் காசு வரும் சனிக்கிழமைதான் ஆபத்து என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். கட்டட வேலையிலும் பின்னலாடைக் கம்பெனிகளிலும் வாரக்கூலி கைக்கு வருவது அன்றைக்குத்தான்.

மூன்றாவதை நாமே உண்டாக்குகிறோம். குழந்தைகள் நலக் குழு உத்தரவிடுகிறது, குழந்தை இல்லத்துக்குப் போகிறது. அன்று மாலை அந்த வீட்டில் தூளி மட்டும் தொங்கும். காலையில் எழுந்து பால் காய்ச்ச வேண்டியதில்லை. ஊர் ஏசும், சொந்தம் விலகும். எப்போதாவது குடித்தவன் அன்றைக்கு மூச்சுமுட்டக் குடிப்பான். அதுவரை தொடாதவள்கூடத் தொடுவாள். நம் அலுவலகத்தில் அதே நாளில் 'குழந்தை பாதுகாப்பாக மீட்கப்பட்டது' என்று பதிவேட்டில் எழுதிக் கோப்பை மூடி வைத்திருப்போம். குழந்தை பாதுகாப்பாகிவிட்டது, ஆகவே வேலையும் முடிந்துவிட்டது என்ற எண்ணம் இந்தத் துறையின் பெரிய ஓட்டை. சிறார் நீதிச் சட்டம் 2015, இல்லத்தில் வைப்பதைக் கடைசி வழியாகத்தான் பார்க்கிறது. குடும்பத்தோடு மீண்டும் சேர்ப்பதையே நோக்கமாகச் சொல்கிறது. திரும்பிப் போக ஒரு வீடு இருக்க வேண்டுமென்றால், குழந்தையை எடுத்த மறுநாள் அந்தப் பெற்றோரைப் போய்ப் பார்க்க வேண்டும்.

மறுநாள் போய் என்ன சொல்வது? அறிவுரை வேண்டாம். ஐந்து விஷயம் போதும்: குழந்தை எங்கே இருக்கிறது, எப்படி இருக்கிறது, நீங்கள் எந்தத் தேதியில் போய்ப் பார்க்கலாம், அடுத்த அமர்வு என்றைக்கு, அதற்குள் செய்ய வேண்டியது என்ன. தேதிகளைத் தாளில் எழுதிக் கொடுங்கள். எதிர்பார்க்க ஒரு தேதி இருப்பவர்கள் சற்றுத் தாக்குப்பிடிப்பார்கள். 'குடியை விட்டால்தான் பிள்ளை கிடைக்கும்' என்று மிரட்டினால் விளைவு ஒன்றே ஒன்றுதான்: அடுத்த முறை உங்களிடம் பொய் சொல்வார்கள்.

நான்காவது, குழந்தை திரும்பி வரும் வாரம். எல்லோரும் மகிழ்ச்சியாக இருப்பதால் யாரும் கவனிப்பதில்லை. பழகிய வீட்டிலேயே குழந்தை புது இடத்துக்கு வந்தது போல அழும், அப்பா அம்மாவிடம் ஒட்டாது. அதைத் தங்கள் தோல்வி என்று பெற்றோர் எடுத்துக்கொள்வார்கள். பழைய பழக்கம் திரும்பி வர அந்த ஒரு வாரம் போதும்.

எத்தனை மணிக்கு, யாரோடு

டாஸ்மாக் கடை திறப்பது பகல் 12 மணிக்கு. சந்துக்கடைகள் காலையிலேயே திறந்துவிடும் என்பது ஊரறிந்த ரகசியம். இருந்தாலும் வீட்டுப் பார்வைக்குக் காலை நேரமே நல்லது. கூலி வேலைக்குப் போகிறவர் 8 மணிக்குக் கிளம்பிவிடுவார் என்றால் 7 மணிக்குப் போங்கள். நிதானமான மனிதரோடு பேச முடியும் என்பது ஒரு காரணம். இன்னொன்று, சார்புநிலை கண்ணுக்குத் தெரியும் நேரமும் காலைதான். கை நடுங்குகிறதா, வியர்க்கிறதா, குமட்டுகிறதா, 'ஒரு கட்டிங் உள்ளே போனால் சரியாகிவிடும்' என்கிறாரா? அப்படியென்றால் விஷயம் தடுப்பு எல்லையைத் தாண்டிவிட்டது. மருத்துவரிடம் போக வேண்டும்.

அப்படிப்பட்டவரிடம் 'இன்று ராத்திரியிலிருந்து தொடாதே' என்று ஒருபோதும் சொல்லாதீர்கள். நீண்ட நாள் தினமும் அதிகமாகக் குடித்தவர் சட்டென்று நிறுத்தினால் ஓரிரு நாளில் வலிப்பு வரலாம். அடுத்து மனக்குழப்பமும் உயிராபத்தும்கூட வரலாம். கோயிலில் கயிறு கட்டி ஒரே நாளில் நிறுத்தியவர்களில் சிலர் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிவரப்படுவது இதனால்தான். கயிறு கட்டுவது தப்பில்லை. அரசு மருத்துவமனையில் காட்டிவிட்டுக் கட்டச் சொல்லுங்கள்.

மாலையில் தனியாகப் போகாதீர்கள். பெண் பணியாளர் மட்டுமல்ல, ஆணும்தான். போகும் வீட்டின் முகவரியையும் நேரத்தையும் அலுவலகத்தில் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். கிராம சுகாதார செவிலியரோ அங்கன்வாடிப் பணியாளரோ உடன் வந்தால் இன்னும் நல்லது. அந்த வீட்டுக் கதவு அவர்களுக்கு ஏற்கெனவே திறந்திருக்கும்.

வாயைத் திறக்க வைப்பது

'குடிப்பியா?' என்று கேட்டால் 'இல்லை மேடம்' என்று வரும். அதோடு பேச்சு முடிந்தது. கேட்கும் வரிசைதான் இதில் சூட்சுமம்.

'தம்பி, ராத்திரி தூக்கம் வருதா? பாப்பா எத்தனை தடவ எழுப்புறா?' என்று தொடங்குங்கள். 'உடம்பு வலிக்கு என்ன பண்றீங்க?' என்பது அடுத்தது. பிறகு எல்லோரும் கூச்சமில்லாமல் ஒப்புக்கொள்ளும் பொருள்: ஹான்ஸ், கூல் லிப், பீடி. அதற்குப் பிறகு மது. கடைசியாகத்தான் கஞ்சாவும் மாத்திரையும். 'நிறையப் பேர் வலி மாத்திரையக் கரைச்சு ஊசியா போட்டுக்கிறாங்கன்னு கேள்விப்படுறோம். உங்க சேக்காளிங்கள்ல யாராவது?' என்று நண்பர்களை வைத்துக் கேட்டால் பதில் வரும். டேபென்டடால் போன்ற வலி நிவாரணிகள் தமிழ்நாட்டுப் பையன்களிடம் எவ்வளவு தூரம் போயிருக்கின்றன என்பது செய்தித்தாள் படிப்பவருக்குத் தெரியும். அவை ஓபியாய்டு வகை. ஊசியாக ஏற்றினால் ரத்தக்குழாய் கெடும். ஊசியைப் பகிர்ந்தால் எச்.ஐ.வி.யும் ஹெபடைட்டிஸ் சி-யும் வரலாம். ஊசி என்ற சொல் பேச்சில் வந்த அன்றே எச்.ஐ.வி. பரிசோதனைக்கு அரசு மருத்துவமனை நம்பிக்கை மையத்துக்கு அழைத்துப் போங்கள்.

தாயிடம் மாமியார் எதிரே கேட்கவே கூடாது. தண்ணீர் குழாயடி வரை கூட நடந்துகொண்டே கேளுங்கள். 'உனக்குன்னு யாரும்மா இருக்கா?' என்ற ஒரு கேள்விக்கு அழுதுவிடும் பெண்கள் உண்டு. அழட்டும், அவசரப்படுத்தாதீர்கள். ஆணானாலும் பெண்ணானாலும் கேட்டுவிட்டுச் சும்மா இருக்கப் பழக வேண்டும். இந்த வேலையில் மிகக் கடினமான திறன் அது.

கணக்காகக் கேட்க வேண்டும் என்றால் உலக சுகாதார நிறுவனத்தின் 'ஆடிட்' கேள்வித்தாள் இருக்கிறது. 10 கேள்விகள், 40 மதிப்பெண். 8-ஐத் தொட்டால் எச்சரிக்கை. பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வுக்கு எடின்பரோ அளவுகோல், அதிலும் 10 கேள்விகள்தான். இவற்றைத் தேர்வு போல நடத்தாமல் பேச்சின் நடுவே கேளுங்கள்.

ஒன்றைக் கட்டாயம் கவனியுங்கள். தாய்க்கு 18 நிறையவில்லை என்றால் சட்டப்படி அவளே குழந்தை. பாதுகாப்பு தேவைப்படும் இரண்டு பேர் அந்த வீட்டில் இருக்கிறார்கள். போக்சோ சட்டம் பிரிவு 19 தகவல் தருவதைக் கட்டாயமாக்குகிறது. பார்த்தும் பார்க்காதது போல வந்துவிட முடியாது. மேலதிகாரியிடம் அன்றே சொல்லுங்கள். இல்லங்களில் வளர்ந்து வெளியே வந்த இளம் பெற்றோரிடமும் கூடுதல் கவனம் வேண்டும். விழுந்தால் தாங்க அம்மா வீடு என்று ஒன்று அவர்களுக்கு இல்லை. 18 முடிந்து இல்லத்தை விட்டு வெளியேறுவோருக்கு 21 வயது வரை பின்பராமரிப்பு உதவி சட்டத்திலேயே உண்டு. பல பேருக்கு அது தெரியாது.

பயத்தைப் போக்கும் இரண்டு பிரிவுகள்

இளம் பெற்றோர் உண்மையைச் சொல்லாததற்குக் காரணம் திமிர் இல்லை. போலீஸ் பிடித்துக்கொண்டு போகும், பிள்ளையைப் பிடுங்கிவிடுவார்கள் என்ற பயம்தான். இதற்குச் சட்டத்திலேயே பதில் உண்டு. போதைப்பொருள் தடுப்புச் சட்டம் 1985-இன் 64ஏ பிரிவு, போதைக்கு அடிமையாகிப் பயன்படுத்தியதற்காகவோ சிறிய அளவு வைத்திருந்ததற்காகவோ குற்றம் சாட்டப்பட்டவர் தானாக முன்வந்து அங்கீகரிக்கப்பட்ட இடத்தில் சிகிச்சை எடுத்தால் வழக்கிலிருந்து விலக்கு அளிக்கிறது. சிகிச்சையைப் பாதியில் விட்டால் விலக்கும் போய்விடலாம். விற்பவருக்கு இது பொருந்தாது. இதை மிகைப்படுத்தாமல் அப்படியே சொல்லுங்கள்.

இரண்டாவது, மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017. மது, போதை சார்ந்த மனநிலைப் பாதிப்புகளும் அதன் வரையறைக்குள் வருகின்றன. சிகிச்சையில் இருக்கும் தாயிடமிருந்து மூன்று வயதுக்குக் கீழுள்ள குழந்தையைச் சாதாரணமாகப் பிரிக்கக் கூடாது என்கிறது பிரிவு 21. குழந்தைக்கு ஆபத்து என்று மனநல மருத்துவர் கருதினால் மட்டும் விதிவிலக்கு. நடைமுறையில் பல மறுவாழ்வு மையங்கள் ஆண்களை மட்டுமே சேர்க்கின்றன என்பது கசப்பான உண்மை. எனவே தாயை அனுப்பும் முன் நீங்களே தொலைபேசியில் விசாரியுங்கள். உரிமம் இல்லாத தனியார் மையங்களின் பக்கமே போகாதீர்கள். மாநில மனநல ஆணையத்தின் பதிவு இருக்கிறதா என்று கேட்பது உங்கள் உரிமை.

கர்ப்பிணி ஓபியாய்டு மாத்திரை எடுத்துக்கொண்டிருந்தால் தன்னிச்சையாக நிறுத்தச் சொல்வதும் ஆபத்து. வயிற்றுப் பிள்ளையையும் அது பாதிக்கும். மருத்துவர் மேற்பார்வையில் மாற்று மருந்து உண்டு.

இன்றைய ராத்திரிக்கு ஒரு ஏற்பாடு

யாரும் ஒரே நாளில் திருந்துவதில்லை. ஆகவே ஒவ்வொரு வருகையிலும் ஒரு கேள்வியை விடாமல் கேளுங்கள்: 'நீங்க குடிச்சுட்டு வர்ற அன்னைக்கு, பாப்பா யார்கிட்ட படுக்கும்?' குடித்தவர் பக்கத்தில் கைக்குழந்தை படுப்பது மூச்சடைப்புக்கு வழி. பாட்டி வீடா, எதிர்வீட்டு அக்காவா, ஒரு பெயரை அவர்கள் வாயாலேயே சொல்ல வையுங்கள். அந்த அக்காவை நீங்களும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். மாத்திரைகள் பரண் மேல் போகட்டும். மது வாங்கி ஊற்றி வைத்த தண்ணீர் பாட்டிலைக் குழந்தை எடுத்துக் குடித்த செய்திகள் நாம் படிக்காதவை அல்ல. மூச்சு மெதுவாகி, உதடு நீலமாகி, கண்மணி ஊசிமுனை அளவுக்குச் சுருங்கி, தட்டியும் எழாமல் ஒருவர் கிடந்தால் உடனே 108.

பணத்துக்கும் ஏற்பாடு வேண்டும். மிஷன் வாத்சல்யா நிதி ஆதரவுத் திட்டத்தில் தகுதியுள்ள குழந்தைக்கு மாதம் 4,000 ரூபாய் கிடைக்கும். ஆண்டு வருமான வரம்பு கிராமத்தில் 72,000 ரூபாய், மற்ற இடங்களில் 96,000. வங்கிக் கணக்கைத் தாய் கையாளும்படி பாருங்கள். விண்ணப்பப் படிவத்தைக் கொடுத்துவிட்டு வராமல், உட்கார்ந்து நிரப்பிக் கொடுங்கள். போதை பற்றி ஒரு சொல் பேசாமலேயே போதையைத் தள்ளிப்போட இதைவிடச் சிறந்த வழி எனக்குத் தெரியாது.

அறிக்கையில் எழுதுவது

நலக் குழுவில் தலைவரும் நான்கு உறுப்பினர்களும் இருப்பார்கள். அந்தக் குடும்பத்தை அவர்கள் பெரும்பாலும் உங்கள் சமூக விசாரணை அறிக்கை வழியாகத்தான் பார்ப்பார்கள். அதை முடிக்கச் சட்டம் கொடுக்கும் அவகாசம் 15 நாள். அவசரத்தில் 'தந்தை குடிகாரர், தாய் பொறுப்பற்றவர்' என்று எழுதிவிட்டால், அந்த இரண்டு சொற்களும் அடுத்து வரும் ஒவ்வொரு தாளிலும் ஒட்டிக்கொண்டே போகும். கண்டதை எழுதுங்கள்: 'காலை 7.30-க்குச் சென்றபோது தந்தை நிதானமாக இருந்தார். வாரம் இரண்டு நாள் மது அருந்துவதாகத் தாமே சொன்னார். குழந்தையின் தடுப்பூசி அட்டை சரியாக இருந்தது. அடுப்பில் சோறு இருந்தது.' நல்லதையும் எழுத வேண்டும். சலுகை காட்டுவதற்காக அல்ல, எதைப் பிடித்து அந்தக் குடும்பத்தைத் தூக்கிவிடலாம் என்று குழுவுக்குத் தெரிவதற்காக.

ரகசியம் காப்பேன் என்று முழு வாக்குறுதி கொடுக்காதீர்கள். 'பாப்பாவுக்கு ஆபத்துன்னா மட்டும் நான் சொல்லியாகணும். மத்ததை ஊர்ல பேச மாட்டேன்' என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். சொன்னபடி நடந்துகொண்டால் பயந்தவர்களும் பேசுவார்கள்.

அனுப்பாதீர்கள், அழைத்துப் போங்கள்

முகவரிச் சீட்டைக் கையில் கொடுத்து 'போய்ப் பார்' என்றால் பத்தில் ஒன்பது பேர் போகமாட்டார்கள் என்பது இந்தத் துறையில் இருப்பவர்களின் கைக்கணக்கு. முதல் முறை பேருந்தில் கூடவே போங்கள். மாவட்ட மனநலத் திட்ட மருத்துவர் உங்கள் மாவட்ட அரசு மருத்துவமனையில் என்றைக்கு இருப்பார் என்பதைத் தெரிந்து வைத்திருங்கள். போதை மீட்புக்கு 14446, மனநலத்துக்கு டெலி-மானஸ் 14416, வீட்டில் அடிதடி என்றால் பெண்கள் உதவி எண் 181. மூன்றும் கட்டணமில்லாதவை. சென்னையில் சாந்தி ரங்கநாதன் 1980-இல் தொடங்கிய டி.டி.கே. மருத்துவமனை, குடிநோயாளிக்கு மட்டுமின்றி அவர் குடும்பத்துக்கும் தனியாகப் பயிற்சி கொடுத்துக் காட்டியது. அந்தப் பாடத்தை மாவட்ட அளவில் நாம் இன்னும் முழுதாகக் கற்கவில்லை.

அமெரிக்காவில் கென்டக்கி மாநிலத்தின் 'ஸ்டார்ட்' திட்டத்தில் குழந்தைகள் நலப் பணியாளரோடு எப்போதும் இன்னொருவரும் வீட்டுக்குப் போவார். அவர் தாமே போதையிலிருந்து மீண்டு சில ஆண்டுகள் நிலைத்து நின்றவர். 2008-இல் லண்டனில் நிக்கலஸ் கிரிக்டன் என்ற நீதிபதி தொடங்கிய குடும்ப நீதிமன்றத்தில், போதைப் பிரச்சினை உள்ள பெற்றோர் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அதே நீதிபதியைச் சந்தித்துப் பேசினார்கள். இரண்டிலும் பெரிய கட்டடமோ கருவியோ இல்லை. முகம் மாறாமல் ஒருவர் தொடர்ந்து வந்தார், அவ்வளவுதான். ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டங்கள் தமிழிலேயே நடக்கின்றன. அங்கே மீண்டு நிற்கும் ஒருவரைக் கண்டுபிடித்து உங்கள் மேலதிகாரியின் அனுமதியோடு அறிமுகப்படுத்த எந்தத் திட்ட நிதியும் வேண்டாம்.

உங்களைப் பற்றி

இந்த வேலைக்கு வர நினைப்பவர்களுக்கும் சில வார்த்தை. பணியிடங்கள் பெரும்பாலும் ஒப்பந்த அடிப்படையில்தான். மாவட்ட இணையதளத்தில் அறிவிப்பு வரும். மிஷன் வாத்சல்யா வரையறுத்த தொகுப்பூதியம் புறத்தொடர்புப் பணியாளருக்கு மாதம் 10,592 ரூபாய், சமூகப் பணியாளருக்கும் ஆற்றுப்படுத்துநருக்கும் 18,536. சமூகப் பணி, உளவியல், சமூகவியல் படித்தவர்களுக்கு முன்னுரிமை. படிப்பைவிடக் காலையில் எழும் பழக்கம் உதவும்.

இரவு அழைப்புகளுக்கு எல்லை வையுங்கள். அவசர எண் எது, உங்கள் எண் எது என்று குடும்பங்களுக்குத் தெரிய வேண்டும். கடன் கொடுக்காதீர்கள், நூறு ரூபாய்கூட. ஒருவர் மறுபடி குடித்துவிட்டால் அதை உங்கள் தோல்வியாக எழுதிக்கொள்ள வேண்டாம். 'எப்போ தொட்டீங்க, அதுக்கு முந்தின நாள் என்ன நடந்துச்சு?' என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த தடுப்புத் திட்டத்துக்கு அதுதான் சரக்கு. மனசு கனத்துப்போனால் 14416 உங்களுக்கும் உள்ள எண்தான்.

மேலதிகாரிகளிடம் ஒரு வேண்டுகோள். மாதாந்திர ஆய்வுக் கூட்டத்தில் எத்தனை குழந்தைகள் மீட்கப்பட்டார்கள் என்று கேட்கிறீர்கள். அடுத்த கூட்டத்திலிருந்து, அவர்களில் எத்தனை பேரின் அப்பா அம்மாவை மறுநாளே போய்ப் பார்த்தீர்கள் என்றும் கேளுங்கள்.